பத்தொன்பது வருடம் கழித்து ஒரு தலையசைப்பு

2007 ஜூலை 21 அன்று ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது புத்தகம் வந்தது. அதுதான் கடைசி. வாங்கிய கையோடு விடிய விடியப் படித்து முடித்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒரு கூட்டத்துக்குக் கடைசிச் சில பக்கங்களைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஹாரியையும் அவனுடைய பள்ளிக்காலப் பகைவன் டிராகோ மால்ஃபாயையும் காதலர்களாக வைத்துப் பல வருடமாகக் கதை எழுதியும் படித்தும் வந்த ரசிகர்கள் அவர்கள்.

அந்தக் கடைசிப் பக்கங்கள் ஒரு பின்கதை. லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம், ஒன்பதே முக்கால் நடைமேடை. மந்திர உலகின் போர் முடிந்து பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. ஹாரிக்கும் ஜின்னி வீஸ்லிக்கும் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள், கடைசிப் பெண் லில்லி. கொஞ்சம் தள்ளி டிராகோ நிற்கிறான். கோட்டுப் பொத்தான்கள் கழுத்து வரை போட்டிருக்கின்றன. முன்நெற்றியில் முடி ஏறிவிட்டது. பக்கத்தில் மனைவியும் மகனும். மனைவிக்கு அந்தப் பக்கங்களில் பெயர்கூட இல்லை. ஹாரியின் குடும்பம் தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் டிராகோ சுருக்கமாக ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். அப்புறம் ரயில் கிளம்புகிறது. ஹாரியின் தழும்பு வலித்துப் பல வருடமாகிறது, எல்லாம் நலம் என்று கதை முடிந்துவிடுகிறது.

இந்த ஆய்வு அந்தத் தலையசைப்புக்கு அப்புறம் நடந்ததைப் பற்றியது. தங்கள் காதலர்கள் இருவருக்கும் மூல ஆசிரியரே கல்யாணம் செய்துவைத்துவிட்டார். இனி அவர்களைச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் இரண்டு குடும்பங்களின் நடுவே நடந்து போக வேண்டும். ஒருவன் நாற்பதை நெருங்கும்போது தன் பாலீர்ப்பைப் புரிந்துகொள்வதும், அதே நேரத்தில் மனைவிக்குத் துரோகம் செய்வதும் ஒரே முடிச்சாக விழுந்தன. அந்த முடிச்சை ரசிகர்கள் எப்படியெல்லாம் அவிழ்த்தார்கள், எங்கே அறுத்தெறிந்தார்கள் என்பதை இந்தக் கதைகளைப் பல வருடமாகப் படித்து வரும் ஒருவராகச் சொல்லப் பார்க்கிறேன். என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்தக் கதையில் ஜின்னிக்கு வாய் இருக்கிறதா?

மனைவி இல்லாத வானவெளி

ஆண்கள் இருவரைக் காதலர்களாக்கும் ரசிகர் கதைக்கு 'ஸ்லாஷ்' என்று பெயர். இரண்டு பெயர்களுக்கு நடுவே போடும் சாய்கோட்டிலிருந்து வந்த பெயர் அது. 1966 முதல் 1969 வரை ஓடிய ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் கேப்டன் கிர்க், ஸ்பாக் இருவரிடமிருந்து இந்த மரபு தொடங்குகிறது. 1974இல் ரசிகர்கள் அச்சிட்ட சிறுபத்திரிகை ஒன்றில் ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் எழுதிய மிகச் சிறிய துண்டு வந்தது. யார் யார் என்று பெயரே சொல்லாமல் எழுதியிருந்தார். அச்சில் வந்த முதல் ஸ்லாஷ் கதை என்று இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

அவர்களுடைய விண்கப்பலில் ஒரு வசதி இருந்தது. கிர்க்குக்கும் வீட்டில் மனைவி இல்லை, ஸ்பாக்குக்கும் இல்லை. மனைவிக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி எழ இடமே இல்லை. இன்னொரு கேள்வியும் எழவில்லை. பழைய ஸ்லாஷ் கதைகளில் "நான் அப்படிப்பட்டவன் இல்லை, எனக்கு நீ மட்டும்தான்" என்ற மாதிரி ஒரு வசனம் திரும்பத் திரும்ப வரும். அன்பு இருந்தது, உடம்பு இருந்தது. ஆனால் அந்த ஆள் மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்து 'அப்படியென்றால் நான் யார்' என்று கேட்டுக்கொள்வதில்லை. தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள வாசகர்கள் இந்த இடத்தைக் குறையாகச் சுட்டிக்காட்டினார்கள். அவர்களில் பலர் எழுதவும் வந்தபோது கதைகள் மாறின. தன்னைத் தெரிந்துகொள்வதே கதையானது.

ஹாரி, டிராகோ ஜோடி அந்த மாற்றத்துக்குப் பிறகு வளர்ந்தது. அதற்குத் தீனி போட்டதும் மூலக் கதைதான். 2005இல் வந்த ஆறாவது புத்தகத்தில் ஹாரி கையில் மந்திர வரைபடத்தை வைத்துக்கொண்டு டிராகோ எங்கே போகிறான், எங்கே நிற்கிறான் என்று வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நண்பர்கள் இருவரும் அலுத்துப் போகிறார்கள். ஏழாவது புத்தகத்தில், பிடிபட்ட ஹாரியை அடையாளம் காட்டச் சொன்னபோது டிராகோ உறுதியாகச் சொல்லாமல் மழுப்புகிறான். எரியும் அறையிலிருந்து ஹாரி அவனைத் துடைப்பத்தில் ஏற்றிக் காப்பாற்றுகிறான். கடைசிச் சண்டையில் ஹாரி கையில் இருந்ததும் டிராகோவின் மந்திரக்கோல்தான். அதை அவன் திருப்பிக் கொடுத்தானா என்று புத்தகம் சொல்லவில்லை. எத்தனை ரசிகர் கதைகள் அந்தக் கோலைத் திருப்பிக் கொடுக்க ஹாரி கதவைத் தட்டுவதில் தொடங்குகின்றன என்று எண்ண முடியாது!

காலமும் பதற்றமானது. 2007 மே மாதக் கடைசியில், ரசிகர்கள் அதிகம் புழங்கிய லைவ்ஜர்னல் தளம் சுமார் 500 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. அவற்றில் ஹாரி பாட்டர் ரசிகர் குழுக்களும் அடக்கம். எழுதிய இடம் கையை விட்டுப் போகுமோ என்று பயந்திருந்தவர்களுக்கு, இரண்டு மாதத்துக்குள் கதையின் முடிவும் கையை விட்டுப் போனது. ரசிகர்களே நடத்தும் கதைத் தளமான ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் 2009 நவம்பரில் திறக்கப்பட்டதற்கு அந்த வருடத்து அனுபவங்கள்தான் வேர்.

பின்கதையா, எந்தப் பின்கதை?

முதல் பதில் உடனே வந்தது. 'பின்கதையா? எந்தப் பின்கதை?' என்று பொருள்படும் ஒரு ஆங்கிலச் சுருக்கத்தை, ஈ.டபிள்யூ.ஈ என்று, கதைகளின் தலைப்பில் போட ஆரம்பித்தார்கள். ஏழாவது புத்தகம் முழுதும் சரி, கடைசிப் பக்கங்கள் மட்டும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள் என்பது அதன் பொருள். ஹாரி இருபதுகளில் இருப்பான், ஜின்னியோடு பிரிந்திருப்பான், களம் காலியாக இருக்கும். இதில் அருமையான கதைகள் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவை முடிச்சைப் போடவே இல்லை.

எனக்கு ஆர்வம் மற்ற கூட்டத்தின் மேல். பின்கதையை ஏற்றுக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டு, முப்பத்தேழு வயது ஹாரியை எடுத்துக்கொண்டு எழுதியவர்கள். அவன் 1980 ஜூலை 31இல் பிறந்தவன். பின்கதை நடப்பது 2017 செப்டம்பர் 1. அவர்களுடைய கதைகளில் பிள்ளைகளைப் பள்ளி ரயிலில் ஏற்றிவிடும் இடத்தில் இரண்டு அப்பாக்கள் சந்திக்கிறார்கள். அல்லது ஹாரியின் இரண்டாவது மகன் ஆல்பஸும் டிராகோவின் மகன் ஸ்கார்பியஸும் நண்பர்களாகிறார்கள், விடுமுறைக்குக் கொண்டுபோய் விடவும் கூட்டிவரவும் அப்பாக்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு டீ, அப்புறம் பிள்ளைகள் இல்லாத நாளிலும் ஒரு டீ.

ஜின்னியை என்ன செய்வது

இந்த இடத்துக்கு வந்த எல்லா எழுத்தாளரும் சந்தித்த கேள்வி இது. கிடைத்த குறுக்கு வழிகள் பல. ஜின்னியைக் கொன்றுவிடலாம். கதை தொடங்கும்போதே விவாகரத்து முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவளுக்கே முதலில் இன்னொரு ஆண் என்று காட்டிவிடலாம். அவளும் பெண்களை விரும்புகிறவள் என்று வைத்துத் தோழி லூனாவோடு சேர்த்துவிடலாம், கணக்கு நேராகிவிடும். இல்லாவிட்டால் அவளைப் புகழுக்காக ஹாரியைக் கட்டிக்கொண்டவளாக, கத்துகிறவளாக, மருந்து வைத்து மயக்கியவளாக ஆக்கிவிடலாம். இந்தக் கடைசி வகைக்கு ரசிகர்களே வைத்த பெயர் 'பாஷிங்', ஒரு பாத்திரத்தைப் போட்டு அடிப்பது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான். ஹாரியின் கை அழுக்காகாமல் பார்த்துக்கொள்வது. மனைவி கெட்டவள் என்றால் துரோகம் நியாயம். இறந்துவிட்டாள் என்றால் துரோகமே இல்லை. அவளும் அப்படித்தான் என்றால் இருவருக்கும் சரி. கொல்லப்பட்டும் மட்டம் தட்டப்பட்டும் போகிற இந்தப் பெண் மூலக் கதையில் யார் என்று நினைத்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. பதினொரு வயதில் ஒரு மந்திர நாட்குறிப்பின் பிடியில் சிக்கி மீண்டவள். போரில் அண்ணனைப் பறிகொடுத்தவள். ஹோலிஹெட் ஹார்ப்பீஸ் அணிக்குக் குவிடிட்ச் ஆடி, பிறகு பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியாளரானாள் என்று ஜே. கே. ரௌலிங் புத்தகத்துக்கு வெளியே சொன்னார். வேலை, நண்பர்கள், கோபம், நகைச்சுவை எல்லாம் உள்ள ஒருத்தி. ஸ்லாஷ் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் கனக்கிறது.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒன்று சட்டென்று நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் கணவனின் துரோகத்துக்கு என்றே ஒரு திணை இருக்கிறது, மருதம். பரத்தை வீட்டிலிருந்து தலைவன் திரும்பி வருகிறான். வாசலில் நின்று பேசுவது யார்? பெரும்பாலும் தலைவி, இல்லையென்றால் தோழி. சில பாட்டில் பரத்தையே பேசுகிறாள். வீட்டில் அவன் கண்ணாடியில் தெரியும் உருவம்போல, மனைவி கையைத் தூக்கினால் தூக்கி, காலைத் தூக்கினால் தூக்கி நடந்துகொள்கிறான் என்று ஒருத்தி சொல்லும் 'ஆடிப்பாவை' உவமை இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. பல வருடம் நல்ல கணவனாகக் கை தூக்கிக் கால் தூக்கி வாழ்ந்த ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடல்கள் அவனை மன்னித்தனவா இல்லையா என்பது வேறு விஷயம். பாதிக்கப்பட்டவளைப் பேச விட்டன.

இது எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொள்ள நானே ஒரு காட்சியை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். ஜின்னி இரவு பத்தரை மணிக்கு ஆட்டச் செய்தியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வருகிறாள், விரலில் மை. சமையலறையில் ஹாரி, ஏற்கெனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறான். முதல் தடவை எழுதியபோது அவன் உண்மையைச் சொன்னான். அவள் கண் கலங்கி, "எனக்கு எப்போதோ தெரியும், நீ சந்தோஷமாக இருந்தால் போதும்" என்று சொல்லி அவனைக் கட்டிக்கொண்டாள். நாலு வரியில் முடிந்துவிட்டது. படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. யாருக்காக அந்த நிம்மதி என்று யோசித்ததும் காகிதத்தைக் கசக்கிவிட்டேன்.

இரண்டாவது தடவை இப்படி வந்தது.

"எத்தனை நாளாக?"

"மார்ச்சிலிருந்து."

அவள் மேல்கோட்டைக் கழற்றவில்லை. "ஏப்ரலில் லில்லிக்குக் காய்ச்சல். அன்று ராத்திரி அவசர வேலை என்று போனாய்."

"ஆமாம்."

"அது வேலை இல்லை."

அவன் குழாயை மூடினான்.

"உனக்கு ஆண்களைப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன் ஹாரி. அப்புறம் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன். இப்போது எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு இருந்தது என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன்."

பெரிய இலக்கியம் இல்லை. ஆனால் அவள் வாய் திறந்ததும் முடிச்சு தானாக இரண்டு இழையாகப் பிரிந்ததைப் பார்த்தேன். அவனுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்பது ஒரு இழை. காய்ச்சல் நாளன்று அவன் பொய் சொல்லிவிட்டுப் போனது இன்னொரு இழை. முதலாவதற்கு அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு அவளிடம் கேட்டே ஆக வேண்டும். குறுக்கு வழிக் கதைகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, முதலாவதன் நியாயத்தை இரண்டாவதற்கும் வாங்கிக் கொடுக்கின்றன.

1980இல் பிறந்த ஒருவன்

இத்தனை வயதுவரை ஒருவனுக்குத் தன்னைத் தெரியாமல் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹாரி வளர்ந்த இடத்தையும் காலத்தையும் பார்த்தால் அது கேள்வியே இல்லை.

பிரிட்டனில் 1988இல் 'பிரிவு 28' என்று ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றது அது. அந்த அமைப்புகளின் கீழ் இருந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் வாய் திறக்கவே பயந்தார்கள். இங்கிலாந்தில் அது ரத்தானது 2003இல்தான். ஹாரி ஏழு வயதில், சர்ரேயில் ஒரு சாதாரணத் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது வந்த சட்டம், அவனுக்கு இருபத்து மூன்று வயதாகும்போது போனது. அதன் பிறகு 2005 டிசம்பரில் தன்பால் இணையர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வழி, 2014 மார்ச்சில் தன்பால் திருமணம். அவன் கல்யாணம் செய்துகொண்ட வயதில் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது என்று நாட்டின் சட்டமே சொல்லவில்லை. மந்திரப் பள்ளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம், சரி. ஆனால் கோடை விடுமுறைக்கு அவன் திரும்பி வந்த வீடு இருக்கிறதே. ஐந்தாவது புத்தகத்தில், ஹாரி தூக்கத்தில் செட்ரிக் பெயரைச் சொல்லிப் புலம்புவதை வைத்துப் பெரியம்மா மகன் டட்லி, அவன் உன் காதலனா என்று கேலி செய்கிறான். கண் முன்னே கொல்லப்பட்ட நண்பனின் பெயர் அது. பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தச் சொல் எந்த இடத்தில் அறிமுகமாகிறது பாருங்கள். அவமானத்தோடும் பிணத்தோடும் சேர்ந்து வருகிறது.

நல்ல கதைகள் இந்த மாதிரிச் சின்ன இடங்களைத் தேடிப் பிடிக்கின்றன. அவனுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ள நேரமே கிடைக்கவில்லை என்று காட்டுகின்றன. பதினேழு வயதுவரை உயிரோடு இருப்போமா என்றே தெரியாதவன். அதற்கப்புறம் அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு குடும்பம். வீஸ்லி வீட்டுச் சமையலறை மேசையில் அவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஜின்னியை விட்டுப் போவது என்றால் அந்த நாற்காலியையும் விட்டுப் போவது. ரான் அவன் உயிர் நண்பன், அவள் அண்ணனும்தான். அவர்களுடைய அம்மா மோலி அவனுக்கும் அம்மா ஸ்தானத்தில் இருப்பவள். பல கதைகளில் விவாகரத்தைவிட, அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதுதான் அவனை உடைக்கிறது. கதைக்கு உயிர் வருவதும் அங்கேதான்.

அதே 2007 அக்டோபர் 19 அன்று, நியூயார்க் கார்னகி ஹாலில் ஒரு வாசகர் கேள்விக்குப் பதிலாக, பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்று ரௌலிங் சொன்னார். அரங்கம் கை தட்டியது. ஏழு புத்தகத்தில் எங்கேயும் வெளிப்படையாக இல்லாத ஒரு விஷயம், புத்தகங்கள் முடிந்த பிறகு வாய்ப்பேச்சாக வந்தது. ரசிகர்கள் ஏன் தாங்களே எழுதிக்கொண்டார்கள் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முன்பு காதலித்தது பொய்யா

இந்தக் கதைகளில் எனக்கு அதிகம் முரண்பாடு வருவது ஒரு இடத்தில். ஹாரி யார்? பெண்களிடம் ஈர்ப்பே இல்லாதவனா, இரு பாலரிடமும் ஈர்ப்பு உள்ளவனா?

முதலாவது என்றால் கதை எழுதுவது சுலபம். கல்யாணமே ஒரு தவறு, யாருடைய குற்றமும் இல்லை, உண்மை வெளிவந்தது, பிரிந்தார்கள். நிஜ வாழ்க்கையில் அப்படி நடக்கத்தான் செய்கிறது, அந்த வலியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்தவில்லை. ஆறாவது புத்தகத்தில் ஜின்னி இன்னொருவனை முத்தமிடுவதைப் பார்த்ததும் ஹாரியின் நெஞ்சுக்குள் ஒரு மிருகம் விழித்துக்கொள்கிறது. அவ்வளவு பொறாமை. அதைத் துடைத்துவிட்டுத்தான் அவனுக்குப் பெண்களே பிடிக்காது என்று எழுத முடியும்.

அவன் இருபாலீர்ப்பு உள்ளவன் என்று ஒப்புக்கொண்டால் சாக்கு எல்லாம் போய்விடுகிறது. அவன் ஜின்னியை உண்மையாகவே காதலித்தான். பிள்ளைகள் அன்பில் பிறந்தவர்கள். பிறகு வேறொருவனை, அவன் ஆணாக இருந்தான், காதலித்தான். தன் பாலீர்ப்பைத் தெரிந்துகொண்டது அவனுக்கு ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாக யாரிடமும் சொல்லாமல் போனது அவன் தேர்வு. இப்படி எழுதப்பட்ட கதைகளில்தான் ஜின்னியின் கேள்விக்கு எடை வருகிறது: "அப்படியானால் நீ என்னைக் காதலித்தது?" "காதலித்தேன்" என்று பதில் சொல்வது, "இல்லை, எனக்கே தெரியவில்லை" என்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இருபாலீர்ப்பு உள்ளவர்களை ஒரு துணையோடு நிற்காதவர்கள் என்று பேசுவது பழைய அவதூறு. இருபாலீர்ப்பு ஹாரி துரோகம் செய்கிறான் என்று எழுதும் ஒவ்வொரு கதையும் அந்த அவதூறின் பக்கத்தில்தான் நடக்கிறது. தப்பிப்பது எப்படி என்றால், துரோகத்துக்கான காரணத்தை அவன் ஈர்ப்பில் வைக்காமல் அவன் சுபாவத்தில் வைப்பதுதான். ஹாரிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. தனக்கு நடப்பதை யாரிடமும் சொல்ல மாட்டான். கை எரிந்தாலும், கனவு வந்தாலும், தழும்பு வலித்தாலும் மறைப்பான். அந்தப் பழக்கம் போரில் அவனைக் காப்பாற்றியது, கல்யாணத்தில் அவளை ஏமாற்றியது. டிராகோ இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தாலும் அவன் இப்படித்தான் மறைத்திருப்பான் என்று வாசகரை நம்ப வைக்கும் கதை அவதூறைத் தாண்டிவிடுகிறது.

எது துரோகம்

வாசகர்களிடையே இதற்கு ஒரே விடை கிடையாது. கைகூடத் தொடாமல் ஆறு மாதம் கடிதம் மட்டும் எழுதிக்கொள்ளும் கதைகளைச் சிலர் துரோகமே இல்லாதவை என்பார்கள், சிலர் அதுதான் பெரிய துரோகம் என்பார்கள். ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் எழுத்தாளர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகள் கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் மாதிரியானவை. துணைக்குத் துரோகம் அந்தப் பட்டியலில் இல்லை, எழுத்தாளர் விரும்பினால் குறிச்சொல்லாகப் போடலாம். ஆனாலும் வாசகர்கள் முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான். என் அனுபவத்தில் ரத்தம் வரும் கதையைச் சகித்துக்கொள்கிறவர்கள்கூட இதைச் சகிப்பதில்லை. அடிபட்டவர்கள் பலர் என்று நினைக்கிறேன். அவர்களுக்குக் குறிச்சொல் போட்டுவிடுவது ஒரு மரியாதை. திருப்பம் கெட்டுவிடும் என்று சிலர் போடுவதில்லை, அது எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். இங்கிலாந்தில் விவாகரத்துக்கு 1973ஆம் வருடச் சட்டம் திருமணத்துக்கு வெளியே கொள்ளும் உடலுறவை ('அடல்டரி') ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நடப்பது என்று மட்டுமே பொருள். கணவன் இன்னொரு ஆணோடு போனால் அது அந்தக் காரணத்தில் சேராது. மனைவி 'நியாயமற்ற நடத்தை' என்ற இன்னொரு காரணத்தைத்தான் காட்ட வேண்டும். தன்பால் திருமணம் வந்த பிறகும் இந்த வரையறை மாறவில்லை. யார் மேலும் குற்றம் சொல்லாமல் விவாகரத்து வாங்கும் முறை 2022 ஏப்ரலில் வந்த பிறகுதான் இந்தக் கேள்வியே தேவையற்றுப் போனது.

ஆக, 2017இல் ஒரு சாதாரண ஆங்கிலேயப் பெண் ஜின்னியின் நிலையில் நின்றிருந்தால், அவளுக்கு நடந்ததற்கு நீதிமன்றத்தில் சரியான பெயர்கூடக் கிடைத்திருக்காது. நம்முடைய 'பிறன்மனை' என்ற சொல்லும் அடுத்தவன் மனைவியைத்தான் மனதில் வைத்திருக்கிறது. அடுத்தவள் கணவனை நோக்கும் ஆணுக்கு அதில் இடம் இல்லை. ரசிகர் கதை எழுதியவர்கள் பெயரில்லாத அந்த இடத்தில் நின்றுகொண்டு எழுதினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டிராகோவின் பக்கம்

இவ்வளவு நேரம் ஹாரியைப் பற்றியே பேசிவிட்டேன். பின்கதையில் பெயரில்லாமல் நின்ற டிராகோவின் மனைவிக்குப் பிறகு அஸ்டோரியா கிரீன்கிராஸ் என்று ரௌலிங் பெயர் கொடுத்தார். முகம் தெரியாத பெண் என்பதால் ரசிகர்கள் அவளை விருப்பம்போல எழுதினார்கள். ஜின்னிக்குக் கிடைக்காத கருணை அவளுக்குக் கிடைத்தது. எல்லாம் தெரிந்து டிராகோவைக் கட்டிக்கொண்ட தோழியாக, பழைய குலத்தின் வாரிசுக் கடமையை இருவருமாகச் சுமந்தவளாக அவளைக் காட்டும் கதைகள் பல. வெளிப்படையாகப் பேசி முடிவெடுத்த கல்யாணம் என்பதால் அங்கே துரோகம் இல்லை.

2016 ஜூலையில் லண்டன் பேலஸ் அரங்கில் தொடங்கிய 'ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்ட்' நாடகம் இதையும் மாற்றியது. அதில் அஸ்டோரியா நோயில் இறந்துவிடுகிறாள். மகன்கள் ஆல்பஸும் ஸ்கார்பியஸும் இணைபிரியாத நண்பர்கள். பல வருடம் ரசிகர்கள் எழுதி வந்ததுபோலவே மகன்களால் அப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேர்கிறது. ஹாரிக்கு வாய்த்த நட்பைப் பார்த்துத் தான் பொறாமைப்பட்டதாக டிராகோ சொல்கிறான். ஆனால் ஹாரியும் ஜின்னியும் அதில் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் நல்ல தம்பதி. அதைப் பார்த்த பிறகு ஜின்னியைக் கெட்டவளாக எழுதுவது இன்னும் கூச்சமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கில் இப்போது மிச்சம் ஒரே ஒரு கல்யாணம், ஒரே ஒரு பொய்.

நான் எழுதிப் பார்த்த கதைக்கு முடிவு இன்னும் வரவில்லை. எந்த நாளில் முடிய வேண்டும் என்று மட்டும் தெரியும். பின்கதையில் லில்லி, அண்ணன்களோடு தானும் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்கிறாள். அப்படியென்றால் 2019 செப்டம்பர் 1. அதே நடைமேடை, அதே புகை. லில்லியின் பெட்டி கனமாக இருக்கிறது. ஒரு கைப்பிடியை ஹாரி பிடித்திருக்கிறான். ஸ்கார்பியஸை ஏற்றிவிட வந்த டிராகோ நாலடி தள்ளி, கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நிற்கிறான். ஜின்னி அவனைப் பார்க்கிறாள். அவள் தலையசைப்பாள் என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். இப்போதைக்கு அவள், "நின்றுகொண்டே இருக்காதே மால்ஃபாய், அந்தப் பக்கத்தைப் பிடி" என்கிறாள். அவன் குனிந்து பெட்டியின் மற்றக் கைப்பிடியைப் பிடிக்கிறான்.